கட்டுரையில் ஏறியவர்

1

கூதிர்க்காலம் பாலாற்றங்கரைக்கு ஓசையின்றி வரும். ஐப்பசி மழை ஓய்ந்தபின் வானம் வெளுத்து, தாழ்ந்து, மலைகளின் தோளில் சாய்ந்து கிடக்கும். ஆற்றில் நீர் ஓடாது. மணலுக்கடியில் ஈரம் மட்டும் ஊறிக்கொண்டிருக்கும். காலை ஏழு மணிக்கும் தெருவிளக்குகள் அணையாமல் நிற்கும். வாடை இறங்கும்போது தோல் தொழிற்சாலைகளின் நெடி மேலே எழ வழியின்றித் தரையோடு படியும். சுண்ணாம்பின் காரமும் ஆவாரம்பட்டையின் துவர்ப்பும் ஊறிய தோலின் முடையும் வீட்டுக்குள் நுழைந்து, உலர்த்திய துணியிலும் வேதப்புத்தகத்தின் தாள்களிலும் தங்கும். பள்ளிவாசலின் பாங்கும் ஆலயத்தின் மணியும் ஈரக்காற்றில் மெல்ல நடந்து வரும். கத்தோலிக்கர் தம் கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, செவ்வந்தி தொடுத்து, மெழுகுதிரி வாங்கி வைப்பர். உயிரோடிருப்பவர் குரல் தாழ்த்திப் பேசும் பருவம் அது. இறந்தவர் அருகிலேயே இருப்பதாக எல்லாரும் நம்பும் பருவம்.

இவ்வளவும் எழுதிவிட்டு வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். ஓசை நன்றாக அமைந்திருக்கிறது. வாசகரே, அதைக் கண்டுதான் அஞ்சுகிறேன். நாற்பது ஆண்டுகளாகப் பழைய செய்யுளையும் ஞானப்பாடல்களையும் ஓதிப் பழகியவன் நான். என் கை எதை எழுதினாலும் அழகாக முடித்துவிடும். அந்தக் கையால் நேர்ந்த ஒரு கேட்டிலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது.

1986ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், ஆம்பூருக்குப் புறத்தே ஒரு தோல் தொழிற்சாலையில் புதுக் கட்டடத்துக்கு அடித்தளம் தோண்டினார்கள். ஒரு மனிதனின் எலும்புகள் கிடைத்தன. அந்த மனிதன் எட்டு ஆண்டுகளுக்கு முன்பே மேலே ஏறி வந்து, கைகால் கழுவி, மகிழ்ச்சியுடன் வீடு திரும்பிவிட்டதாக என் வீட்டு அலமாரியில் ஒரு நோட்டில் எழுதியிருக்கிறது.

எழுதியவள் அப்போது எட்டு வயதுச் சிறுமி. அவள் பொய் சொன்னாள் என்று ஊர் இப்போது ஏசுகிறது. அது பொய்தான். அதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்—

இல்லை. முறையாகச் சொல்கிறேன்.

2

என் பெயர் தேவானந்தம். உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியன். 1977ஆம் ஆண்டுப் புயல்மழையில் எங்கள் பகுதியின் தொடக்கப்பள்ளிக் கூரை விழுந்தது. விடுமுறை நாளாக இருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. புதுக் கூரை வரவோ மூன்று ஆண்டுகள் ஆயின. அடுத்த பள்ளிக்குப் போக ரயில் பாதையைக் கடக்க வேண்டும். சிறு பிள்ளைகளை அனுப்ப எவருக்கும் மனம் துணியவில்லை. மூன்று வீட்டார் கூடிப் பேசி, எங்கள் ஏழு பிள்ளைகளையும் வீட்டிலேயே, முறைவைத்து, நாங்களே படிப்பிப்பது என்று தீர்மானித்தோம். வீட்டுப் பள்ளி என்று பிள்ளைகளே அதற்குப் பெயர் வைத்தார்கள்.

திங்களும் செவ்வாயும் மாலையில் என் வீடு: எழுத்து, இலக்கணம், கட்டுரை. புதனன்று ஹயாத் பாஷா வீட்டில் கணக்கு. அவர் தோல் தொழிற்சாலை மேஸ்திரி. கழிவுத்தோலைச் சதுரமாக வெட்டி, பிள்ளைகள் கையில் கொடுத்து எண்ணச் சொல்வார். "வாத்தியார் அடிச்சி சொல்லிக் குடுத்தா மறந்துடும். இது கையில நாறும்; மறக்காது" என்பார். வியாழனன்று என் மனைவி ஜெயசீலி, மருத்துவமனைச் செவிலி, உடல்நலமும் பாட்டும் நடத்துவாள். வெள்ளிக்கிழமை சவுரியம்மாள் வீடு.

சவுரியம்மாளின் கணவன் சின்னப்பன், ஹயாத் பாஷாவின் கீழ் அதே தொழிற்சாலையில் வேலை செய்தவன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

"எனக்கு எழுத்து வராது சாரு. நான் இன்னாத்த சொல்லிக் குடுப்பேன்?" என்று முதல் நாள் தயங்கினாள்.

ஜெயசீலி என்னை முந்திக்கொண்டாள். "பசங்களைப் பேச வை, போதும். எங்க வூட்டுக்காரரு எழுத வைக்கிறாரே ஒழிய, வாயத் தொறக்க வுடறதில்ல."

ஆகவே வெள்ளிக்கிழமைகளில் சவுரியம்மாள் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு கை சுண்டல் கொடுத்து, "இன்னிக்கு இன்னா பாத்த? பாத்தத மட்டும் சொல்லு" என்பாள். அதை நான் பாடமாகக் கருதவில்லை. அட்டவணையில் அந்த மணிநேரத்துக்கு நேரே 'ஓய்வு' என்று எழுதி வைத்தேன்.

என் வகுப்பில் ஒரு விதி இருந்தது. முன்னோர் தம் நூல்களை மங்கலச் சொல்லில் தொடங்கி மங்கலச் சொல்லில் முடித்தார்கள். பிள்ளைகளின் கட்டுரையும் அவ்வாறே முடிய வேண்டும். பசு தொலைந்தால் கடைசி வரியில் கிடைத்துவிட வேண்டும். காய்ச்சல் கண்டால் தணிந்துவிட வேண்டும்.

(அடிக்குறிப்பு: ஒரு பிள்ளை தன் நாய் லாரியில் அடிபட்டுச் செத்ததை எழுதிற்று. நான் விதியை நினைவூட்டினேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே "நாய் இப்போது நலமாக உள்ளது" என்று சேர்த்தது. அதற்குப் பத்துக்கு ஒன்பது மதிப்பெண் போட்டேன்.)

முதலில் சிலேட்டில் எழுதுவார்கள். நான் திருத்துவேன். சிறந்த ஒன்றை மறுநாள் நல்லெழுத்து நோட்டில் மையால் எழுதச் சொல்வேன். சிலேட்டை ஈரத்துணியால் துடைத்துவிடுவோம். சனிக்கிழமை மாலை பெற்றோர் அனைவரும் கூடியிருக்க, அந்த வாரத்துக் கட்டுரை நோட்டிலிருந்து உரக்கப் படிக்கப்படும். அதுவே எங்கள் வீட்டுப் பள்ளியின் திருவிழா.

3

சின்னப்பன் உழைப்பையே அணிகலனாகப் பூண்ட— (அடித்துவிட்டேன்.)

சின்னப்பன் கருங்கல்லில் வடித்த சிலைபோல்— (இதுவும் வேண்டாம்.)

அவனைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம். பட்டைச்சாற்றில் ஊறி, முழங்கை வரை அவன் கைகள் செம்மண் நிறமாக இருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் அந்தோணியார் பதக்கம். ஒருமுறை எங்கள் வாசலுக்கு வந்து, உள்ளே வராமல் நின்று, "லில்லி எப்படி எழுதுது சார்?" என்று தன் மகளைப் பற்றிக் கேட்டான். "எழுத்து மிகவும் குண்டாக இருக்கிறது" என்றேன். "அது அவங்க அம்மா வழி சார்" என்று சொல்லிச் சிரித்தான். அவ்வளவுதான். இந்தக் கதையில் அவனுக்கு வேறு பேச்சு இல்லை. நான் புனைந்து தரவும் மாட்டேன்.

1978 நவம்பர், முதல் ஞாயிறு. மாதா கோயில் பூசை முடிந்து வந்து, பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, பழையதை அணிந்துகொண்டு, கம்பெனியில் ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லிப் போனான். திரும்பவில்லை. புதன்கிழமைக்குள் ஒரு செய்தி பரவியது: ஆம்பூரில் அவன் ரயிலேறியதைப் பார்த்தார்களாம், பெங்களூருக்கு ஓடிவிட்டானாம். சவுரியம்மாள் ஒரே ஒரு வாதத்தை வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

"பூசைச் சட்டை ஆணியில தொங்குது. ஊரை வுட்டு ஓடறவன் நல்ல சட்டையை வுட்டுட்டா போவான்? நீங்களே சொல்லுங்க சாரு."

நான் ஆறுதலாக ஏதோ சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமை எங்கள் வீட்டுக் கூடத்தில் எல்லாரும் கூடினோம். சவுரியம்மாளும் லில்லியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். நான்கு பேரிடம் விசாரிக்கலாம் என்றுதான். 'விடுமுறை நாளில் நான் கண்ட காட்சி' என்ற கட்டுரையைப் படிக்க எழுந்தவள் சைரா, ஹயாத் பாஷாவின் மகள், லில்லியின் உயிர்த்தோழி. வீட்டில் உருது பேசும் பிள்ளை இவ்வளவு திருத்தமாகத் தமிழ் எழுதுகிறாள் என்பதில் எனக்குப் பெருமை. திங்களன்று சிலேட்டில் எழுதியது. செவ்வாயன்று நோட்டில் ஏறியது. நோட்டில் உள்ளவாறே தருகிறேன்:

"ஞாயிற்றுக்கிழமை நான் என் தந்தையாருக்கு உணவு எடுத்துக்கொண்டு தொழிற்சாலைக்குச் சென்றேன். அங்கு உழைப்பாளி ஒருவர் தொட்டியைத் தூய்மை செய்ய இறங்கினார். நான் பட்டைக் குவியலின் அருகில் நின்று பார்த்தேன். நூறு வரை எண்ணினேன். பிறகு அவர் மேலே ஏறி வந்து, கைகால் கழுவி, மகிழ்ச்சியுடன் வீடு திரும்பினார். உழைப்பே உயர்வு தரும்."

கைதட்டினோம். ஹயாத் பாஷா மட்டும் கைகளை மடியில் வைத்தபடி இருந்தார். அதை அப்போது நான் கவனித்தேனா, இப்போது சேர்க்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

சவுரியம்மாள் எழுந்து சைராவின் அருகில் போனாள்.

"கண்ணு, அது யாரு?"

"லில்லி அப்பா."

"மேல ஏறி வந்தாரா? நீ பாத்தியா?"

சைரா என்னைப் பார்த்தாள். அடுத்த வரியை மறந்துவிட்டாள் என்று எண்ணி, ஆசிரியன் தலையசைப்பதுபோல் நான் தலையசைத்தேன்.

"ஆமா" என்றாள்.

"அப்ப ஓடித்தான் போயிருக்காரு" என்றாள் சவுரியம்மாள். பிறகு லில்லியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினாள். அதன்பின் சட்டையைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை.

4

மறுநாள் ஹயாத் பாஷா ஒரு தூக்கு நிறையப் பிரியாணி கொண்டுவந்தார்.

"உங்க தமிழ் ரொம்ப மரியாதையான தமிழ், சார். நீங்க செஞ்ச உபகாரத்த சாவற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"எல்லாம் குழந்தையின் உழைப்பு" என்றேன் அடக்கத்துடன்.

எட்டு ஆண்டுகள் அந்தப் பாராட்டை நான் அவ்வப்போது நினைத்துச் சுவைத்திருக்கிறேன். இதை மறைத்துவிடலாம். ஆனாலும் எழுதுகிறேன்.

5

1986. ஜெயசீலி பணி முடிந்து வந்தவள், பையை மேசையில் வைக்காமலே சொன்னாள்.

"இன்னாங்க, கம்பெனியில பள்ளம் தோண்டினப்போ ஆள் எலும்பு எடுத்திருக்காங்க. கூடவே ஒரு பதக்கம். அந்தோணியாரு. சவுரியம்மா போய்ப் பாத்துட்டு அங்கியே உக்காந்துட்டாளாம்."

என் முதல் எண்ணத்தையும் இங்கே வைக்கிறேன்: அவன் ஏறி வந்தானே! சைரா பார்த்தாளே!

இரண்டு நாள் கழித்து, நண்பகலில், ஹயாத் பாஷா வந்தார். வெளுத்த வேட்டி, தொப்பி, கையில் ஒரு துணிப்பை.

"போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறேன் சார். அவங்க வந்து இஸ்துகினு போறதுக்கு முன்னாடி நானே போய் சொல்லிடலாம்னு."

"என்ன சொல்லப் போகிறீர்கள்?"

"நடந்தத. கழிவுத் தொட்டி அடைச்சிக்கிச்சு. எறங்குன்னு சொன்னது நான்தான். உள்ள காத்து வெஷமா இருந்திருக்கு. எறங்கினவன் அப்படியே உக்காந்துட்டான். கயிறு போட்டேன், புடிக்கல. மொதலாளி ஊர்ல இல்ல, ஃபோன் போட்டேன். மண்ணத் தள்ளி மூடிடு, வேற தொட்டி வெட்டிக்கலாம்னாரு. மூடிட்டேன்."

கதவருகே ஜெயசீலி தண்ணீர்க் குவளையுடன் நின்றுவிட்டாள்.

"உங்க பேரு என் வாயில வராது சார். கவலப்படாதீங்க."

"என் பெயரா?"

"அன்னிக்கு சைரா சோறு குடுத்துட்டு வூட்டுக்குப் போயிடுச்சுன்னு நெனச்சேன், அங்க நின்னதே எனக்குத் தெரியாது. நீங்க படிக்க வெச்சப்பதான் தெரிஞ்சிது. வூட்டுக்குப் போய்க் கேட்டேன். 'வரலன்னுதான் எழுதினேன், சாருதான் மாத்தச் சொன்னாரு'ன்னிச்சு. அப்பவே புரிஞ்சிக்கிட்டேன், உங்களுக்கு எல்லாம் தெரியும், எம் பொண்ணுக்காகத்தான் மூடி வெச்சீங்கன்னு. நான் மண்ணப் போட்டு மூடினேன். நீங்க எழுத்தப் போட்டு மூடினீங்க. எட்டு வருஷமா உங்க மூஞ்சப் பாத்து நிமிந்து நடந்திருக்கேனா சார் நான்?"

(இந்த இடத்தில் அவரைக் கொடியவராக்க முயன்றேன். அவர் கண்களைச் சிவக்கவைத்து ஒரு வரி எழுதினேன். பொருந்தவில்லை. உண்மையில் அவர் செய்தது இது: செருப்பை நேராக்கிப் போட்டுக்கொண்டு, "போய்ட்டு வர்றேன் சார்" என்று வழக்கம்போல் விடைபெற்றார்.)

அலமாரியைத் திறந்து நோட்டை எடுத்தேன். சைராவின் கையெழுத்து. என் சிவப்பு மை. பத்துக்குப் பத்து. கீழே, என் கைப்பட: "முடிவு மிக நன்று."

6

அதற்குள் தெருவில் வேறொன்று நடந்துவிட்டது. சவுரியம்மாள் ஹயாத் பாஷாவின் வீட்டு வாசலில் நின்று, பதினாறு வயது சைராவைப் பெயர் சொல்லி அழைத்து, "எட்டு வயசுலயே பொய்யி! உங்க அப்பன் சொல்லிக் குடுத்த பொய்யி! எம் புருஷன் ஓடிப்போனவன்னு என்னை நம்ப வெச்ச இல்ல?" என்று ஊர் கேட்கக் கூவினாள். லில்லி அவளருகில் நின்று, தன் தோழியை ஏறெடுத்தும் பார்க்கவில்லையாம்.

ஜெயசீலி போய் சைராவை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தாள். கூடத்தில், அன்று கட்டுரை படித்த அதே இடத்தில், உட்கார்ந்தாள். நோட்டை அவள்முன் வைத்தேன். தொடவில்லை.

"சிலேட்டில் நீ என்ன எழுதினாய் என்று நினைவிருக்கிறதா?"

"நீங்க சிரிச்சதுதான் சார் நல்லா ஞாபகம் இருக்கு."

பிறகு அவள் சொல்லச் சொல்ல அந்தத் திங்கட்கிழமை என் கண்முன் எழுந்து வந்தது. அவள் சிலேட்டை என் கையில் கொடுத்தாள். 'லில்லி அப்பா' என்பதை அடித்து 'உழைப்பாளி ஒருவர்' என்று உயர்த்தினேன். கடைசி வரி 'வரல' என்று நின்றிருந்தது.

"கட்டுரையை இப்படி அந்தரத்தில் விடக் கூடாது, பாப்பா. இறங்கியவர் ஏற வேண்டாமா?"

"ஏறல சார்."

"கட்டுரையில் ஏறுவார்" என்றேன்.

பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள். அப்பா இன்னும் வேலையில் இருக்கிறார் என்று எண்ணியிருந்த லில்லியும் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஈரத்துணியை எடுத்து, என் கையாலேயே, சிலேட்டைத் துடைத்தேன்.

'இதை நான் முற்றிலும் மறந்திருந்தேன்' என்று முதற்படியில் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். மறக்கவில்லை. கட்டுரையில் ஏறுவார் என்ற அந்தச் சொல்லை ஆசிரியர் கூட்டங்களில், பிள்ளைகளுக்கு முடிவுரை கற்பிப்பது எப்படி என்பதற்கு எடுத்துக்காட்டாக, நானே பலமுறை சொல்லிச் சிரிப்பை வாங்கியிருக்கிறேன். அந்தத் தொட்டிக்குள் ஒருவன் இருந்தான் என்பது மட்டும் ஒருமுறையும் என் நினைவுக்கு வரவில்லை.

சனிக்கிழமை, அவள் என்னைப் பார்த்தபோது, என் உள்ளத்தில் ஐயம் எழுந்ததா? வாசகரே, நீங்கள் இதைத்தான் கேட்பீர்கள். எழுந்தது என்றால் குற்றவாளி. எழவில்லை என்றால் மூடன். இரண்டில் எனக்கு உவப்பானதைத் தேர்ந்து எழுத என் கை துடிக்கிறது. ஆகவே இந்த வினாவை விடையின்றி விடுகிறேன்.

"உன்மேல் பழியில்லை, சைரா. எழுதியவன் நான்" என்றேன்.

"எழுதினது நீங்க. ஆமான்னு சொன்னது நானு" என்றாள். "நீங்க தலைய ஆட்டினீங்க. சாரு ஆட்டினா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். அப்புறம் கொஞ்ச நாள்ல, சார், அவரு ஏறி வந்ததே எனக்கு ஞாபகம் வர ஆரமிச்சிது. கைகால் கழுவினது, தண்ணி சொட்டினது, எல்லாம். எலும்பு எடுத்தாங்கன்னு சொன்ன அன்னிக்குத்தான் அது போச்சு."

ஜெயசீலி எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். ஒரு பாத்திரம் உருண்ட ஓசை கேட்டது.

7

அந்த வாரம் நான் எழுதிப் பார்த்த முடிவுகள்.

முதல் முடிவு: ஆசிரியர் கடைத்தெருவில் நின்று உண்மையை உரைக்கிறார். ஊரார் கண்ணீர் உகுக்கின்றனர். சவுரியம்மாள் சைராவை மார்போடு அணைத்து, ஆசிரியரை நோக்கிக் கைகூப்பி— (இதில் நான் நாயகனாகிவிட்டேன். கிழித்தேன்.)

இரண்டாம் முடிவு: ஆசிரியர் பெயரிடாமல் ஒரு கடிதம் எழுதுகிறார். உண்மையிலேயே மூன்று கடிதங்கள் எழுதினேன். பிறகுதான் உறைத்தது: சவுரியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. யாராவது படித்துக் காட்ட வேண்டும். அது லில்லியாகத்தான் இருக்கும்.

மூன்றாம் முடிவு: ஆசிரியர் நோட்டைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு நோயுற்று, உண்மையைச் சொல்லும் முன்னரே இறைவன் திருவடி—

இதை ஜெயசீலி என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள்.

"ஓ, செத்துப் போறீங்களா? நல்லா இருக்கே. செத்துட்டா ஒரு பேஜாரும் இல்ல பாருங்க."

"இது வரைவுதான், ஜெயசீலி."

"எல்லாத்துக்கும் முடிவு எழுதறீங்க. அந்தப் பொண்ணை நடுத்தெருவுல நிக்க வெச்சி திட்டறாங்க. அவளுக்கு ஒரு வார்த்த வாயால சொல்ல முடியல இல்ல? பேனாவை மூடுங்க. இன்னிக்குக் கல்லறைத் திருநாள். சவுரியம்மா அங்கதான் இருப்பா. சட்டைய மாட்டுங்க. நல்ல சட்டை வேணாம். இருக்கிற சட்டையே போதும்."

8

நவம்பர் இரண்டு, ஞாயிறு, மாலை நாலரை. கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டம் முழுதும் வெள்ளையடித்த சிலுவைகள், செவ்வந்தி, மெழுகின் மணம். சின்னப்பனின் எலும்புகள் இன்னும் காவல்துறையிடம் இருந்தன; அவனுக்குக் கல்லறை இல்லை. கல்லறை இல்லாதவர்க்குத் திரியேற்றும் நடுச்சிலுவையின் அடியில் சவுரியம்மாளும் லில்லியும் நின்றார்கள். அவன் போனபின் ஒவ்வோர் ஆண்டும் இதே நாளில் அவள் தன் தாய்தந்தையருக்கு மட்டும் திரியேற்றிவிட்டுப் போயிருக்கிறாள். ஓடிப்போனவனுக்குத் திரி ஏற்றுவதில்லை.

நாங்கள் மூவர் போனோம்: நான், ஜெயசீலி, சைரா. சைராவைக் கண்டதும் லில்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இவளை எதுக்கு இங்க இட்டாந்தீங்க?" என்றாள் சவுரியம்மாள்.

நான் சொன்னேன். நோட்டைத் திறக்காமல் சொன்னேன். "விதியின் விளையாட்டால்" என்று ஒரு தொடர் நடுவே வந்து விழுந்தது, ஜெயசீலி இருமினாள், அதை விட்டுவிட்டு, "நான்தான் மாற்றச் சொன்னேன். அவர் ஏறி வரவில்லை என்றுதான் இவள் எழுதினாள். ஏறினார் என்று எழுதவைத்தது நான். தலையசைத்ததும் நான்" என்றேன்.

சவுரியம்மாள் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த திரியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அந்த சனிக்கெழம வூட்டுக்குப் போயி, ஆணியில இருந்த சட்டைய எடுத்து, பாத்திரக்காரனுக்குப் போட்டேன் சாரு. ஒரு சின்ன கிண்ணி குடுத்தான்."

பிறகு சைராவின் பக்கம் திரும்பினாள்.

"மொதல்ல இன்னா எழுதின? அத சொல்லு. பாத்தத மட்டும் சொல்லு."

அவள் வெள்ளிக்கிழமைகளில் கேட்ட அதே கேள்வி. சைரா, எட்டு வயதுப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல் கைகளைக் கட்டிக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்:

"லில்லி அப்பா தொட்டில எறங்கினாங்க. நான் நூறு எண்ணினேன். வரல. மறுபடி நூறு எண்ணினேன். லில்லி அப்பா வரல."

வாசகரே, இந்தக் கதையில் என் கை படாத பத்தி இது ஒன்றே.

"ரெண்டு நூறா?" என்றாள் சவுரியம்மாள்.

"ஆமாம்மா. அப்ப எனக்கு நூறு வரைக்கும்தான் தெரியும்."

"அப்ப அவரு தனியா சாவல" என்றாள் சவுரியம்மாள். "ஒருத்தி எண்ணிக்கிட்டு இருந்திருக்கா."

லில்லி திரும்பினாள்.

அதன்பின் சவுரியம்மாள் என்னை நேராக நோக்கினாள். ஒரு வாக்கியம் சொன்னாள். அது இது:

[                    ]

இந்த இடத்தைத் துடைத்த சிலேட்டாக விடுகிறேன். அவள் சொன்னது என் காதில் இன்னும் அப்படியே இருக்கிறது. எழுதினால் ஓர் எழுத்தையாவது நான் திருத்திவிடுவேன். கடுமையாக இருந்தால் மென்மையாக்குவேன், மென்மையாக இருந்தால் அழகாக்குவேன். அவள் மன்னித்தாளா என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்முன், ஒரு பூசைச் சட்டையையும் ஒரு சின்னக் கிண்ணியையும் நினைத்துக்கொள்ளுங்கள். என் மகிழ்ச்சிக்காக முடிக்க வேண்டாம்.

சைராவைப் பொய்க்காரி என்று அதன்பின் அந்தத் தெருவில் எவரும் சொல்லவில்லை. இதை மட்டும் உறுதியாக எழுதலாம், நான் பார்த்தது.

சவுரியம்மாள் திரியேற்றிச் சிலுவையின் அடியில் ஊன்றி, முழந்தாளிட்டாள். வாடை வீசிற்று, சுடர் படுத்து எழுந்தது. நாங்கள் கத்தோலிக்கர் அல்லர்; எங்கள் சபையில் இறந்தவருக்காக மன்றாடும் வழக்கம் இல்லை. நானும் சற்றுத் தள்ளி, ஈரமண்ணில் முழந்தாளிட்டு, இரு கைகளையும் குவித்துச் சுடருக்குக் காற்று மறைத்தேன். நாற்பது ஆண்டுகள் ஓதிய ஞானப்பாடல்களில் ஒன்றும் நாவுக்கு வரவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று மெல்ல எண்ணத் தொடங்கினேன். நூறு வந்ததும் நிறுத்தி, மறுபடியும் ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணினேன்.

கண்டதைக் கண்டபடி எழுதும் பிள்ளைகள் நெடிது வாழ்க. அவர்கள் சிலேட்டின்மேல் எவர் கையின் ஈரத்துணியும் படாதிருப்பதாக. இறங்கியவர் ஏறும்வரை எண்ணிக்கொண்டு நிற்பவர் எவராயினும், அவருக்கு எண்கள் தீராதிருப்பதாக.